அறுந்த நாணுக்கு என்ன எண்?

பிரஷ்யப் படையில் முரசு அடித்த வீரர்களுக்கு ஒரு விசித்திரமான நோய் வந்தது. இடது கட்டைவிரல் ஒருநாள் திடீரென்று தொங்கிவிடும். வெட்டுக்காயம் இல்லை. எங்கும் விழவும் இல்லை. நேற்றுவரை குச்சியைத் தாங்கிய விரல் இன்று மேலே எழ மறுக்கும். ஜெர்மானியர்கள் இதை ‘முரசடிப்போர் வாதம்’ என்றார்கள். வாதம் என்று பெயர் வைத்த உடனே பழி நரம்பின் மேல் விழுந்துவிட்டது. உண்மையில் நரம்புக்கு ஒன்றுமில்லை. கட்டைவிரலை உயர்த்தும் தசைநாண் மணிக்கட்டுக்குப் பின்னால் தேய்ந்து அறுந்திருந்தது. டூம்ஸ் என்ற படை மருத்துவர் 1896-ல் எழுதிய விவரணையைக் கை அறுவை மருத்துவர்கள் இன்றும் குறிப்பிடுகிறார்கள். அந்தக் காலப் படைமுரசில் இடது குச்சியை உள்ளங்கை மேல்நோக்கி இருக்க, கட்டைவிரல் இடுக்கில் பிடிப்பார்கள். நாள் முழுக்க அந்த ஒரு விரல் ஆடிக்கொண்டே இருக்கும். இடது கை மட்டும் பாதிக்கப்பட்டதன் ரகசியம் அதுதான்.

அந்த நோய்க்குத் தவறான பெயர் வைத்ததால் தவறான இடத்தில் தேடினார்கள். இன்று நோய்களுக்குப் பெயரோடு எண்ணும் வைக்கிறோம். அமெரிக்காவில் ஒருவருக்கு முன்கைத் தசைநாண் தானாக அறுந்தால், அந்த நோய்க்கு உரிய எண்ணைத் தேர்ந்தெடுப்பவர் பல சமயம் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ திருச்சியிலோ இரண்டு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு மெடிக்கல் கோடர். தமிழ்நாட்டில் உயிரியல், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி படித்த ஆயிரக்கணக்கானோருக்கு இதுதான் வேலை. நோயாளியை அவர்கள் பார்ப்பதே இல்லை. மருத்துவர் எழுதிய ‘சார்ட்’ மட்டும்தான் கையில் இருக்கும். அதை வைத்து அவர்கள் விடை காண வேண்டிய கேள்வி, கேட்பதற்கு எளிதாக இருந்தாலும் உண்மையில் உயிர் இயற்பியல் கேள்வி: விசை அதிகமாக இருந்ததா, நாண் பலவீனமாக இருந்ததா?

முதலில் நாணைப் பார்த்துவிடலாம். உங்கள் கட்டைவிரலைப் பின்னோக்கி நன்றாக விரியுங்கள். மணிக்கட்டு ஓரத்தில் ஒரு சிறு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தின் உள்பக்கக் கரையாகக் கயிறுபோல் எழுந்து நிற்பதுதான் கதாநாயகன். கோடர்களும் மருத்துவர்களும் இதை ‘ஈபிஎல்’ என்பார்கள். முன்கையின் பின்புறம் அரந்தி எலும்பில் கிளம்பும் தசை, நாணாக மெலிந்து, ஆரை எலும்பின் கீழ்முனைக்கு வருகிறது. அங்கே லிஸ்டர் முண்டு என்று ஒரு சிறிய எலும்புப் புடைப்பு உண்டு. நாண் அந்த முண்டைச் சுற்றிச் சட்டென்று திசை திரும்பிக் கட்டைவிரல் நுனிக்குப் போகிறது. கிணற்றுக் கயிறு கப்பியில் திரும்புகிற இடத்தில்தான் முதலில் நைந்துபோகும். இங்கும் அதே கதைதான். போதாததற்கு, திரும்பும் அந்த இடத்தில் நாணுக்கு ரத்த ஓட்டமும் குறைவு. ஸ்வீடனின் எங்க்விஸ்ட், லுண்ட்போர்க் இருவரும் 1979-ல் நுண் ரத்தக்குழாய்களைப் படமெடுத்து இதைக் காட்டினார்கள்.

இதனால்தான் மணிக்கட்டு முறிவுக்குப் பிறகு ஒரு வினோதம் நடக்கிறது. எலும்பு கோணல்மாணலாக விலகி முறிந்தவர்களைவிட, எலும்பு விலகாமல் லேசான கீறலாக முறிந்தவர்களுக்கே இந்த நாண் அறுவது அதிகம். எலும்பு பெரிதாக விலகும்போது நாணை மூடியிருக்கும் உறையும் கிழிந்துவிடும். கசியும் ரத்தம் வெளியேற வழி கிடைக்கும். லேசான முறிவில் உறை முழுசாக இருக்கும். இறுக்கமான அந்தக் குழாய்க்குள் ரத்தம் தேங்கி அழுத்தும்போது, ஏற்கெனவே குறைவாக இருந்த ரத்த ஓட்டம் இன்னும் குறைகிறது. நாண் உள்ளுக்குள் நலிகிறது. சில வாரங்கள் கழித்து, கட்டெல்லாம் பிரித்த பிறகு, டம்ளரைப் பிடிக்கும்போதோ பொத்தான் போடும்போதோ அறுந்துவிடும். பெரும்பாலும் வலிகூட இருக்காது. ‘சின்ன முறிவுதானே’ என்று நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்தான் திரும்பி வருவார்.

முடக்குவாதமோ மூட்டுத் தேய்மானமோ உள்ளவர்களுக்கு வேறு வழியில் வருகிறது. 1948-ல் வான்-ஜாக்சன் என்ற ஆங்கில அறுவை மருத்துவர் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார். மணிக்கட்டில் தேய்ந்து கரடுமுரடான அரந்தி எலும்பின் முனை, மேலே ஓடும் நாண்களை அறுத்துக்கொண்டிருந்தது. இதில் முதலில் சுண்டுவிரல் தொங்கும், அடுத்து மோதிரவிரல், பிறகு நடுவிரல். சுண்டுவிரல் தொங்கும்போதே பிடித்தால் மற்றவற்றைக் காப்பாற்றலாம். உள்ளங்கைப் பக்கம் கட்டைவிரலை மடக்கும் நாண், படகெலும்பின் முள்ளில் உரசி அறுவதை 1969-ல் மன்னர்ஃபெல்ட், நார்மன் இருவரும் விவரித்தார்கள். மணிக்கட்டு முறிவுக்கு வைக்கும் உலோகத் தகட்டின் திருகு கொஞ்சம் நீளமாக இருந்து பின்பக்கம் எட்டிப் பார்த்தாலும் அதே வேலையைச் செய்யும். ஸ்டீராய்டு மாத்திரையை நீண்டகாலம் எடுப்பவர்களுக்கும், சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்கும் நாண் பலவீனப்படலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-ல் இந்த வகை மருந்துகளின் விவரக் குறிப்பில் கறுப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சிடச் செய்தது. 60 வயதைத் தாண்டியவர்கள், ஸ்டீராய்டும் சேர்த்து எடுப்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

இத்தனை காரணங்களுக்கும் பொதுவான ஒன்று உண்டு. நாணை அறுத்த கடைசி இழுப்பு மிகச் சாதாரணமானது. ஆரோக்கியமான நாணை அது ஒன்றும் செய்திருக்காது.

ஐசிடி-10 என்ற உலக நோய் வகைப்பாடு இதைத்தான் கோடாகப் போட்டிருக்கிறது. எம்66 என்ற பிரிவு தானாக அறுந்தவற்றுக்கு. வழக்கமான விசை, வழக்கத்தைவிடக் குறைந்த வலிமை உள்ளதாகக் கருதப்படும் திசுவின் மேல் விழுந்து அறுந்தால் அது எம்66. வழக்கத்துக்கு மாறான விசை நல்ல திசுவின் மேல் விழுந்து அறுந்தால் அது காயம். புத்தகத்தின் இன்னொரு கோடியில் இருக்கும் எஸ் வரிசைக்குப் போக வேண்டும். முன்கை மட்டத்துக் காயம் என்றால் எஸ்56, மணிக்கட்டும் கையும் என்றால் எஸ்66. நிறுத்தற்குறி அளவே இடைவெளி உள்ள இரண்டு வாக்கியங்கள். ஆனால் ஒருவரின் நோயை ‘தசை, எலும்பு நோய்கள்’ அத்தியாயத்திலா, ‘காயங்கள்’ அத்தியாயத்திலா போடுவது என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன.

அமெரிக்கப் பதிப்பில் எம்66-க்குள் போனபின் அடுத்தடுத்து இலக்கங்கள் கேள்வி கேட்கும். நீட்டும் நாணா, மடக்கும் நாணா? முன்கையா, கையா? வலதா, இடதா? நீட்டும் நாண், வலது முன்கை என்றால் எம்66.231. இடது என்றால் எம்66.232. எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் எம்66.239; இதைப் பயன்படுத்தினால் ஆடிட்டில் புருவம் உயரும். மடக்கும் நாண் என்றால் எம்66.331, எம்66.332. அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 வரை புழங்கிய பழைய ஐசிடி-9-இல் இந்தக் கேள்விகளில் பாதி கிடையாது. கை, மணிக்கட்டின் நீட்டும் நாண்கள் காயமின்றி அறுந்தால் 727.63 என்று ஒரே எண். வலது இடது பேதம் இல்லை, முன்கைக்குத் தனி இடமும் இல்லை. சுமார் 14,000 எண்களாக இருந்த பட்டியல் ஒரே நாளில் ஏறக்குறைய 70,000 ஆனபோது, பல மருத்துவர்கள் இதைக் கேலி செய்தார்கள். கேலிக்கு இடமும் இருந்தது. முரசு அடித்ததால் வந்த கோளாறு என்று சொல்ல ஒய்93.ஜே2 என்றே ஒரு துணை எண் அதில் உண்டு. விபத்துக்கு மட்டுமின்றி, நாள்பட ஒரு செயலைச் செய்வதால் வரும் கோளாறுக்கும் அந்த வரிசையைப் பயன்படுத்தலாம். பிரஷ்ய வீரர்கள் இன்று அமெரிக்காவில் இருந்திருந்தால் அவர்களுக்கென்றே எண் தயாராக இருக்கிறது!

இனி ஒரு மாதிரிக் குறிப்பு. கற்பனைதான், ஆனால் இந்தத் துறையில் இருப்பவர்களுக்குப் பழகிய முகம்:

‘64 வயதுப் பெண். வலது கட்டைவிரலை உயர்த்த முடியவில்லை, 3 நாட்களாக. பால் கேனைத் தூக்கும்போது ஏதோ விட்டதுபோல் இருந்ததாம். வலி இல்லை. 9 வாரம் முன்பு வழுக்கி விழுந்து மணிக்கட்டில் விலகாத முறிவு, எலும்பு கூடிவிட்டது. உள்ளங்கையை மேசையில் பதித்துக் கட்டைவிரலை மட்டும் தூக்கச் சொன்னேன், தூக்க இயலவில்லை. மதிப்பீடு: ஈபிஎல் ரப்ச்சர். திட்டம்: டெண்டன் டிரான்ஸ்ஃபர்.’

மருத்துவராகப் பார்த்தால் குறை சொல்ல முடியாத குறிப்பு. மேசைமேல் கை வைத்துச் செய்த அந்தச் சோதனைதான் நோயைக் காட்டிக்கொடுக்கும் சோதனை. கட்டைவிரல் நுனியை மட்டும் நீட்டச் சொன்னால் பக்கத்துத் தசைகள் கொஞ்சம் ஏமாற்றிவிடும். மேசையிலிருந்து விரலை மேலே தூக்குவதை ஈபிஎல் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது. சிகிச்சையும் சரி. நைந்து சுருங்கிய முனைகளை மறுபடி இழுத்துத் தைக்க முடியாது. ஆள்காட்டி விரலுக்கு நீட்டும் நாண் இரண்டு இருப்பதால், ஒன்றைக் கடன் வாங்கிக் கட்டைவிரலுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆள்காட்டி விரல் மிச்சமுள்ள ஒன்றை வைத்துச் சமாளித்துக்கொள்ளும்.

கோடருக்கோ தலைவலி ஆரம்பம். மதிப்பீட்டில் ‘ரப்ச்சர்’ மட்டும் இருக்கிறது. தானாகவா, காயத்தாலா? குறிப்பில் ‘வழுக்கி விழுந்து’ என்று வருகிறது. புதிதாகச் சேர்ந்த பையனோ பெண்ணோ அதைப் பார்த்ததும் எஸ் வரிசைக்குத் தாவுவது சகஜம். அது தவறு. நாண் அறுந்தது விழுந்த அன்று இல்லை, 9 வாரம் கழித்து. அமெரிக்க வழிகாட்டு விதிகளின் 13-ஆம் அத்தியாயப் பகுதி இதைத் தெளிவாகவே சொல்கிறது: ஆறிப்போன பழைய காயத்தின் விளைவாக வரும் எலும்பு, மூட்டு, தசைக் கோளாறுகள் வழக்கமாக எம் வரிசைக்கு, இப்போது நடந்த புதுக் காயம் எஸ் வரிசைக்கு. முறிவின் பின்விளைவு என்று மருத்துவர் எழுதியிருந்தால், முதலில் இன்றைய கோளாறுக்கு எம்66.231, அடுத்து பழைய முறிவின் எண்ணை ‘எஸ்’ என்ற ஏழாவது எழுத்தோடு, அதாவது பின்விளைவு என்ற முத்திரையோடு போட வேண்டும். பின்விளைவுக்குக் காலக்கெடு எதுவும் கிடையாது. 9 வாரமும் சரி, 9 வருடமும் சரி.

சிக்கல் அந்த ‘எழுதியிருந்தால்’ என்ற இடத்தில். இந்தப் பெண்ணின் குறிப்பில் முறிவும் இருக்கிறது, அறுந்த நாணும் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் ‘அதனால்’ இல்லை. படிக்கிற யாருக்கும் இணைப்பு புரியும். ஆனால் கோடருக்குப் புரிவதற்கும் கோடர் எழுதுவதற்கும் நடுவே ஒரு சுவர் உண்டு. நோயை முடிவு செய்யும் அதிகாரம் சிகிச்சை தரும் மருத்துவருக்கு மட்டுமே. பால் கேன் கனமா, லேசா என்று முடிவு செய்வதுகூட மருத்துவ முடிவுதான். எனக்கு இந்த விதி நியாயமாகவே படுகிறது. நோயாளியைத் தொடாத ஒருவர் ஊகத்தால் நோயை எழுத ஆரம்பித்தால் அதற்கு எல்லை இருக்காது.

ஆகவே கோடர் மருத்துவருக்கு ஒரு ‘குவெரி’ அனுப்புகிறார். அதை எழுதுவது தனிக் கலை. ‘தானாக அறுந்தது என்று எழுதவும்’ என்று கேட்கக் கூடாது. அது பதிலை வாயில் ஊட்டுவது. எந்தப் பதிலுக்குப் பணம் அதிகம் வரும் என்று ஒரு சொல்லும் இருக்கக் கூடாது. குறிப்பில் உள்ள தகவலை அப்படியே எடுத்துக்காட்டி, நாண் அறுந்ததன் தன்மை என்ன என்று கேட்டு, தேய்ந்து தானாக அறுந்தது, புதிய காயத்தால் அறுந்தது, வேறு காரணம், சொல்ல இயலவில்லை என்று வாய்ப்புகளைக் கொடுக்க வேண்டும். பதில் வர ஒரு நாளும் ஆகும், இரண்டு வாரமும் ஆகும். அதுவரை சார்ட் ‘ஹோல்டில்’ தூங்கும்.

‘அநேகமாகத் தானாக அறுந்திருக்கலாம்’ என்று மருத்துவர் எழுதினால்? இங்கே விதி இன்னும் வேடிக்கை. வெளிநோயாளிப் பிரிவு என்றால் ‘இருக்கலாம்’, ‘சந்தேகம்’ போன்றவற்றை உறுதியான நோயாகப் போடக் கூடாது. அறிகுறியை மட்டும் போட வேண்டும். உள்நோயாளியாகச் சேர்ந்து வீட்டுக்கு அனுப்பும்போதும் அதே ‘இருக்கலாம்’ நீடித்தால், உறுதி ஆனதுபோலவே போடலாம். அதே நோயாளி, அதே விரல், அதே சொல். படுத்திருந்த கட்டிலைப் பொறுத்து எண் மாறும். பயிற்சி வகுப்புகளில் இதை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஏன் என்று கேட்பவர்கள் குறைவு.

இடத்தைப் பற்றிய சண்டை தனி. ஈபிஎல் தசை இருப்பது முன்கையில், அறுவது மணிக்கட்டில், செயலிழப்பது கட்டைவிரலில். முன்கை என்பதா, கை என்பதா? எம்66 பிரிவில் மணிக்கட்டுக்கென்று தனி அறை இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மூலப் பட்டியல் ஆரை, அரந்தி எலும்புகளையும் மணிக்கட்டு மூட்டையும் முன்கையில் சேர்க்கிறது. அதற்குக் கீழே உள்ள சிறு எலும்புகளும் விரல்களும் கை. லிஸ்டர் முண்டு ஆரை எலும்பில் இருப்பதால் அங்கே அறுந்தால் முன்கை என்பதே பொருத்தம். கட்டைவிரலைப் பார்த்துவிட்டு ‘கை’ என்று எம்66.241 போடுபவர்களும் உண்டு. அறுவை சிகிச்சைக் குறிப்பில் ‘லிஸ்டர் முண்டு மட்டத்தில்’ என்ற மூன்று சொல் இருந்தால் இந்தச் சண்டையே வராது. சிகிச்சைக்கான எண்ணிலும் இதே வம்பு வரும். நாண் மாற்றுக்கு முன்கை, மணிக்கட்டு என்றால் 25310; கையின் புறப்பகுதி என்றால் 26480. நாணைக் கொண்டுபோய் எங்கே தைத்தார் என்று மருத்துவர் எழுதியே ஆக வேண்டும்.

எண் மாறினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். முதல் அடி நோயாளிக்குத்தான். எஸ் வரிசை எண் போனதும் பல காப்பீட்டு நிறுவனங்கள் ‘விபத்து எங்கே நடந்தது, வேலையிடத்திலா, காரிலா, வேறு யாராவது பொறுப்பா’ என்று கடிதம் அனுப்பும். பதில் வரும்வரை பணம் நிற்கும். சமையலறையில் பால் கேனைத் தூக்கியவர் விபத்துப் படிவம் நிரப்பிக்கொண்டிருப்பார். மறுபக்கம், தொழிற்சாலையில் இயந்திரம் இழுத்து நாண் அறுந்தவருக்கு எம்66 விழுந்தால், நியாயமான தொழிலாளர் இழப்பீட்டை ‘ஏற்கெனவே இருந்த நோய்’ என்று மறுக்க வழி திறக்கும்.

இரண்டாவது விளைவு கண்ணுக்குத் தெரியாது. எனக்கு அதுவே பெரிதாகத் தோன்றுகிறது. 2002-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வான் டெர் லிண்டன் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிரிட்டனின் குடும்ப மருத்துவர்கள் கணினியில் சேர்த்த பதிவுகளை எடுத்து, சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்தை எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்குக் குதிகால் நாண் கோளாறு வரும் வாய்ப்பைக் கணக்கிட்டார்கள். மொத்தத்தில் 1.9 மடங்கு, 60 வயதும் அதற்கு மேலும் என்றால் 3.2 மடங்கு, அந்த வயதில் ஸ்டீராய்டும் சேர்ந்தால் 6.2 மடங்கு. அந்த மருத்துவர்கள் யாரும் ஆய்வுக்கென்று எழுதவில்லை. அன்றாட வேலையாக நோயைப் பதிந்து வைத்தார்கள், அவ்வளவுதான். நோயும் மருந்தும் தேடக்கூடிய வடிவில் பதிவாகியிருந்ததால் அந்த உறவு தெரியவந்தது.

முன்கை நாண் குதிகால் நாணைவிட அரிதாகத்தான் அறுகிறது. அரிய நோய்க்கு ஒவ்வொரு பதிவும் முக்கியம். மருந்தால் வந்தது என்று மருத்துவர் எழுதினால், எம்66 எண்ணுக்குப் பின்னால் டி36.8எக்ஸ்5ஏ என்று மருந்தின் பாதகத்துக்கு ஓர் எண் சேரும். ஸ்டீராய்டு என்றால் டி38.0எக்ஸ்5ஏ. முடக்குவாதம் இருந்தால் அதற்கும் தன் எண் உண்டு. இவை சேராவிட்டால், பத்து வருடம் கழித்து யாராவது தரவைப் புரட்டும்போது, காரணமே இல்லாமல் அறுந்த நாண்களின் நீண்ட வரிசை மட்டும்தான் கிடைக்கும்.

உலக அளவில் 2022 முதல் ஐசிடி-11 நடைமுறைக்கு வந்துவிட்டது. அதில் அடிப்படை எண்ணோடு பக்கம், இடம், காரணம் முதலியவற்றைத் தனித்தனியாகக் கோத்துக்கொள்ளலாம். வசதி கூடும், ஆனால் மருத்துவர் எழுதாததை எந்தப் பதிப்பும் கோத்துத் தராது.

ஆகவே கை அறுவை மருத்துவர்களிடம், குறிப்பாக நம் ஊரில் இன்னும் ‘டெண்டன் இஞ்சுரி’ என்று இரண்டே சொல்லில் டிஸ்சார்ஜ் சம்மரியை முடிப்பவர்களிடம், ஒரு வேண்டுகோள். எந்தக் கை, எந்த நாண், எந்த மட்டம், அறுந்த நொடியில் நோயாளி என்ன செய்துகொண்டிருந்தார், நாண் நலிந்ததற்குக் காரணமாக நீங்கள் நினைப்பது எது என்று இரண்டு வரி எழுதுங்கள். நோயாளிகளும் மருத்துவரிடம் போகும்போது கடந்த சில மாதங்களில் எடுத்த ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு மாத்திரைச் சீட்டுகளைக் கையோடு கொண்டுபோங்கள். மணிக்கட்டு முறிவுக்குக் கட்டுப் பிரித்தவர்கள் அடுத்த சில வாரங்கள் கட்டைவிரலை மேசையிலிருந்து தூக்கிப் பாருங்கள். எழவில்லை என்றால் வலி இல்லையே என்று காத்திருக்க வேண்டாம்.